‘டேக் ஆஃப்’ என்று சும்மா சொல்லக் கூடாது!

பயணிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தலைக்கு மேலே பெட்டியைத் திணிக்கிறார். ஜன்னல் சீட்டுக்காக இரண்டு குழந்தைகள் மல்லுக்கட்டுகிறார்கள். அதே நேரம் காக்பிட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒப்பித்தல்! ஆமாம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தோமே, அதேபோல!

துணை விமானி காதில் ஹெட்செட்டும் கையில் பேனாவுமாக, புறப்பட அனுமதி வழங்கும் ‘கிளியரன்ஸ் டெலிவரி’யை அழைக்கிறார். மறுமுனையில் கட்டுப்பாட்டாளரின் குரல் மளமளவென்று கொட்டுகிறது. எந்த ஊர் வரை அனுமதி, எந்த வழி, முதலில் எவ்வளவு உயரம், மேலே எழுந்ததும் எந்த அலைவரிசையில் பேச வேண்டும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் எந்த எண்ணை வைக்க வேண்டும் என்று ஐந்து விஷயங்கள். அமெரிக்க விமானிகள் இவற்றை ‘கிராஃப்ட்’ என்ற சொல்லின் ஐந்து ஆங்கில எழுத்துகளில் அடக்கிவிடுகிறார்கள். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டால் போதும், குரல் வர வர எதிரே நிரப்பிக்கொண்டே போகலாம். என்ன அழகான ஏற்பாடு!

எழுதினால் மட்டும் முடியாது, திருப்பிச் சொல்ல வேண்டும். அது ‘ரீட்பேக்’. கட்டுப்பாட்டாளர் அதைத் தான் சொன்னதோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். அது ‘ஹியர்பேக்’. உயரம், ஓடுபாதை எண், டிரான்ஸ்பாண்டர் எண் இவற்றுக்கெல்லாம் ‘ராஜர்’ (கேட்டுக்கொண்டேன்) என்று தலையாட்டுவது போதாது. பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இந்த அனுமதி இப்போது எழுத்தாகவே திரையில் வந்துவிடுகிறது. ஆனால் ஓடுபாதைக்குள் நுழைவதற்கும் மேலெழுவதற்கும் இன்றும் மனிதக் குரல்தான்!

எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை

டிரான்ஸ்பாண்டர் எண்ணில் ஒரு வேடிக்கை. நான்கு இலக்கம், ஆனால் 8, 9 இரண்டும் கிடையவே கிடையாது! 0 முதல் 7 வரைதான், மொத்தம் 4,096 எண்கள். அவற்றில் 7700 ஆபத்துக்கு, 7600 ரேடியோ பழுதுக்கு, 7500 கடத்தலுக்கு.

எண்களை உச்சரிப்பதிலும் தனி இலக்கணம் இருக்கிறது. ‘த்ரீ’ இங்கே ‘ட்ரீ’. ‘ஃபைவ்’ இங்கே ‘ஃபைஃப்’. ‘நைன்’ இங்கே ‘நைனர்’. கரகரக்கும் ரேடியோவில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாதே!

ஒரே ஓசை என்ன செய்யும் என்பதை மலேசியாவில் நடந்த ஒரு விபத்து காட்டியது. 1989 பிப்ரவரி 19 அன்று, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’வுக்கு இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். அவர் சொன்னது 2,400 அடி. முதல் ‘டூ’வை இரண்டு என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், அதே ஓசையில் ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிக்கு அது 400 அடி வரை என்று பட்டது. ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றே அவர் திருப்பிச் சொன்னார். தவறு ரேடியோவில் எல்லோர் காதிலும் விழுந்தது, யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

இரண்டு அனுமதி

இப்போது இந்தத் தொழிலின் ஆகப் பெரிய சூட்சுமம். கிளம்பும் முன் கிடைக்கும் அந்த ஐந்து அம்ச அனுமதி, வழித்தடத்துக்கு மட்டும்தான். ஓடுபாதையில் பாய்வதற்கான அனுமதி வேறு! இரண்டுக்கும் பெயர் ‘கிளியரன்ஸ்’ என்பதுதான் ஆபத்து.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில், கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான டெனெரிஃபில் இறங்கி நெருக்கியடித்து நின்றன. மூடுபனி சூழ்ந்தது. இருந்தது ஒரே ஓடுபாதை. அதன் முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 நின்றது, அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம்முக்கு வழித்தட அனுமதி கிடைத்தது. அதில் ‘டேக் ஆஃபுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பவும்’ என்றும் இருந்தது. துணை விமானி ஒப்பித்து முடிக்கும் முன்பே கேப்டன் விமானத்தை நகர்த்திவிட்டார். ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்றார் துணை விமானி. தயாராக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது கட்டுப்பாட்டுக் கோபுரம். ‘ஓகே’ என்றது, ‘பொறுங்கள், கூப்பிடுகிறேன்’ என்றும் சொன்னது. அதே நொடியில் பான் ஆமும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்’ என்று பேச, இரண்டு குரலும் மோதி கேஎல்எம் காக்பிட்டில் கீச்சொலியாகின. 583 பேர் உயிரிழந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாற்றத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. ஓடுபாதையில் பாய அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே ‘டேக் ஆஃப்’ உச்சரிக்கப்படும். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’தான்! ஒரு சொல்லுக்கு உலகம் முழுக்கக் காவல் போட்டுவிட்டார்கள்!

காவல் இன்றும் தொடர்கிறது. 2024 ஜனவரி 2 அன்று, டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் கடலோரக் காவல் விமானத்திடம் புறப்பாட்டு வரிசையில் ‘நம்பர் ஒன்’ என்று சொல்லி, ஓடுபாதைக்கு வெளியே நிற்கும் இடம் வரை போகச் சொன்னார்கள். அந்த விமானம் ஓடுபாதைக்குள் போய் நின்றுவிட்டது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மேல் மோதியது. பயணிகளும் ஊழியர்களுமாக 379 பேர் தப்பினார்கள். கடலோரக் காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். உடனே, வரிசை எண் சொல்லும் அந்த வழக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இன்னொரு முறை!

டெனெரிஃபில் அந்தக் கீச்சொலிக்குப் பிறகும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ‘அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்று கேட்டார் கேஎல்எம் ஃபிளைட் இன்ஜினியர். விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார் கேப்டன். கேட்டவர் அடங்கிப்போனார். அடங்கிப்போகாமல் இருக்கவும் பயிற்சி வேண்டும் என்று விமானத் துறை புரிந்துகொண்டது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. இன்று உலகமெங்கும் விமான நிறுவன விமானிகள் அப்படி ஒரு பயிற்சியைப் பெற்றுத்தான் ஆக வேண்டும். இளையவர் மூத்தவரை நிறுத்திக் கேட்கலாம், மூத்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இந்த விமான உலகத்தில் மிகவும் பிடித்தது ‘ஸே அகெய்ன்’தான். இன்னொரு முறை சொல்லுங்கள்! முப்பது வருடம் பறந்த கேப்டனும் கூச்சமில்லாமல் கேட்கிறார், வரிசையில் பத்து விமானம் காத்திருக்கும்போதும் கேட்கிறார். அப்படிக் கேட்பதைத் திறமை என்றே மதிக்கும் தொழில் இது. நம் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் இந்த ஒரு பழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!