கழுத்து அரிக்காத களிமண் டாலர்... நீங்களே செய்யலாம்!

கல்யாண வீட்டில் நாலு மணி நேரம் கவரிங் செயின் போட்டிருந்துவிட்டு, வீடு வந்ததும் கழுத்தைச் சொறிந்துகொண்டே தேங்காய் எண்ணெய் தேடுகிற ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பார். பலருக்கு இதற்குக் காரணம் நிக்கல். விலை குறைந்த நகைகளில் கலந்திருக்கும் இந்த உலோகம், வியர்வை பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தோலில் இறங்கும். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும்.

அதற்காகத் தங்கம் வாங்கலாம் என்றால்... இன்றைய விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனால், சுடுமண் இருக்கிறதே! கீழடியில் தோண்டத் தோண்டக் கிடைத்த பொருள்களில் தங்கமும் உண்டு, சுடுமண் மணிகளும் உண்டு.

கடைகளில் டெரகோட்டா செட் ஏகப்பட்ட டிசைன்களில் கிடைக்கிறது. ஆனால், டாலர் மண்ணாக இருந்தாலும் வளையமும் கொக்கியும் பெரும்பாலும் அதே கவரிங் உலோகம்தான். பிறகு அரிப்பு எப்படிப் போகும்? அதனால், நாம் செய்யப்போவதில் உலோகமே கிடையாது.

கைவினைப் பொருள் கடைகளில் டெரகோட்டா களிமண் பாக்கெட்டாகக் கிடைக்கும். சப்பாத்தி மாவு பதத்துக்கு நன்றாக அழுத்திப் பிசையுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் தங்கக் கூடாது. பிளாஸ்டிக் கவர் மேல் வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, பாட்டில் மூடியால் வட்டமாக வெட்டுங்கள். வேப்பிலையின் பின்பக்கத்தை வைத்து அழுத்தி எடுத்தால், நரம்புகள் அப்படியே பதியும். விலை கொடுத்து வாங்கும் அச்சுகளைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜூஸ் ஸ்ட்ராவால் ஓட்டை போடுங்கள். டூத்பிக் ஓட்டை போதாது. காயும்போதும் சுடும்போதும் சேர்த்துக் களிமண் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஓட்டையும் கூடவே சுருங்கிவிடும்.

அடுத்தது பொறுமைக்கான சோதனை. வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து, வில்லை வளைந்துவிடும். நிழலில் பேப்பர் மேல் வைத்து, தினமும் திருப்பிப் போட்டு, நான்கைந்து நாள் காயவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிய, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம்தான் நெருப்பில் ஆவியாகி, டாலரை வெடிக்க வைக்கும்.

சுடுவது எப்படி?

ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டினால்தான் களிமண் தண்ணீரில் கரையாத ஓடாக மாறும். சமையலறை ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால், அது உதவாது.

முதலில் பழைய தோசைக்கல்லில் மணல் பரப்பி, டாலர்களை வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். மிச்சம் மீதி ஈரமும் போய்விடும். பிறகு, ஒரு மண்சட்டியில் உமி போட்டு, டாலர்களை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலேயும் உமி போட்டு மூடி, சுற்றிலும் வரட்டியும் விறகும் அடுக்கிக் கொளுத்துங்கள். மண் தரையில், திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மொட்டைமாடி வேண்டாம், சூட்டில் சிமென்ட் பெயர்ந்து தெறிக்கும். குழந்தைகள் தள்ளியே நிற்கட்டும். சட்டியை மூடிச் சுட்டால், காற்று கிடைக்காமல் டாலர் கருப்பாக வரும். காற்று பட்டால் சிவப்பு. கருப்பும் அழகுதான். மறுநாள் காலை வரை தொடவே தொடாதீர்கள்.

அபார்ட்மென்ட்வாசிகள் பக்கத்தில் மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்பு அகல் விளக்குச் சூளை வைக்கும்போது, நாலு டாலருக்கு இடம் கிடைக்காமலா போகும்?

சுட்டதை நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கரையவில்லை என்றால் வெற்றி! பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டால், முன்பக்கம் மட்டும் அக்ரிலிக் அடியுங்கள். தோலில் படும் பின்பக்கத்துக்குப் பெயின்டும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம்.

கொக்கிக்குப் பதில் முடிச்சு

ஒரு மீட்டர் பருத்திக் கயிறு போதும். நடுவில் மடித்து, மடிப்பை ஓட்டைக்குள் நுழைத்து, இரண்டு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் விட்டு இழுங்கள். பிறகு, வலது நுனியால் இடது கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சு. இடது நுனியால் வலது கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சு. முடிச்சுகளை விலக்கினால் கயிறு சுருங்கும், சேர்த்தால் நீளும். தலைவழியாகவே போட்டுக் கழற்றலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும், விளையாடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். கயிறு எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. வியர்வையில் கயிறு அழுக்கானால் அவிழ்த்து சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்து, மறுபடி கோத்துக்கொள்ளலாம். புடவைக்குப் புடவை கயிற்றின் நிறத்தை மாற்றிக்கொள்ளவும் இதே வழிதான்.