ஷேர்டு ஃபோல்டருக்கு ரெண்டு கதவு

எங்க வீட்டு ஹால்ல இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ‘குடும்பம்’னு ஒரு ஃபோல்டர். எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்ல இருந்தே வைஃபை வழியா திறந்து பார்க்கலாம். போன தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோட வந்திருந்தா. அவ லேப்டாப்ல விளையாடிட்டிருந்த பையன், 9 வயசு, அந்த ஃபோல்டருக்குள்ள போய் அப்பாவோட அறுபதாம் கல்யாண ஃபோட்டோ மொத்தத்தையும் டெலீட் பண்ணிட்டான்.

ரீசைக்கிள் பின்ல இருக்கும்னு நிதானமா போய்ப் பார்த்தேன். காலி. நெட்வொர்க் வழியா அழிச்சா அது பின்னுக்குப் போகாது, நேரா போயிடும். பாதி ஃபோட்டோ சித்தப்பா ஃபோன்ல கிடைச்சது. மீதி வரவே இல்லை.

பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. முதல்ல ஷேர் பண்ணும்போது எரர் வந்துட்டே இருந்தது, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து ‘எவ்ரிஒன்’ பக்கத்துல ‘ஃபுல் கன்ட்ரோல்’னு டிக் பண்ணினவன் நான்தான்.

அந்த எரர் ஏன் வருதுன்னு புரிஞ்சா அந்த டிக் தேவைப்படாது. ஃபோல்டர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ் போனா ஷேரிங், செக்யூரிட்டின்னு ரெண்டு டேப் இருக்கும். ரெண்டுலயும் தனித்தனியா பெர்மிஷன் இருக்கு. ஷேரிங் அப்படிங்கிறது அபார்ட்மென்ட் கேட், செக்யூரிட்டி அப்படிங்கிறது ஃப்ளாட் கதவு. வெளியில இருந்து வர்றவங்க ரெண்டையும் தாண்டணும். எது குறைவா அனுமதிக்குதோ அதுதான் செல்லும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஃப்ளாட் கதவு மட்டும்தான். கேட்டைத் திறந்துட்டு கதவை மறந்தா ‘ஆக்சஸ் டினைடு’. உங்க டாக்குமென்ட்ஸுக்குள்ள இருக்கிற ஃபோல்டரை ஷேர் பண்ணினா பெரும்பாலும் இதுதான் நடக்கும், ஏன்னா அந்தக் கதவு உங்க அக்கவுன்ட்டுக்கு மட்டும் திறக்கும்.

இப்போ நான் வெச்சிருக்கிற முறையைச் சொல்றேன். ஹால் கம்ப்யூட்டர்ல அக்கா பேர்ல ஒரு லோக்கல் அக்கவுன்ட், பாஸ்வேர்டோட. ஷேரிங் டேப்ல ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’, அதுல ‘பெர்மிஷன்ஸ்’. எவ்ரிஒன்னை எடுத்துட்டு, அக்காவுக்கு ‘ரீட்’, எனக்கு ‘சேஞ்ச்’. செக்யூரிட்டி டேப்ல அக்கா பேரைச் சேர்த்து அங்கேயும் ரீட். ஆபீஸ்ல கேட்டை அகலமா திறந்து வெச்சு எல்லாத்தையும் செக்யூரிட்டியில கட்டுப்படுத்துவாங்க. வீட்டுக்கு இது போதும்.

‘டினை’ காலம் பக்கம் மட்டும் போகாதீங்க. எவ்ரிஒன்னுக்கு டினை போட்டா அதுல நீங்களும் அடக்கம், அலவ் இருந்தாலும் டினைதான் ஜெயிக்கும். வேண்டாதவங்க பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்தாலே போதும்.

இன்னொண்ணு, இதுல நான் ஒரு ராத்திரியே தொலைச்சேன். நெட்வொர்க்ல பாஸ்வேர்டு கேட்கும்போது தினமும் அடிக்கிற பின் நம்பர் வேலை செய்யாது. அக்கவுன்ட்டோட நிஜ பாஸ்வேர்டு வேணும். அது மறந்து போனவங்கதான் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டெட் ஷேரிங்’கையே ஆஃப் பண்றது. பண்ணாதீங்க, வைஃபை பாஸ்வேர்டு வாங்கின விருந்தாளியும் உள்ள வரலாம்.

அக்கா ஃபோட்டோ போடணுமே? ‘வரவு’னு தனியா ஒரு ஃபோல்டர், அதுல அவளுக்கும் சேஞ்ச். வாரம் ஒருமுறை நான் அதை ‘குடும்பத்துக்கு’ மாத்திடுவேன். ஒரு லேப்டாப்ல ரான்சம்வேர் வந்தா, அந்த அக்கவுன்ட்டால எழுத முடியுற ஷேர்களையும் அது பூட்டிடும். ரீட் மட்டும் இருக்கிற இடத்துல அதனால எழுத முடியாது. வீட்டுப் பத்திரம், ஆதார் ஸ்கேன் எல்லாம் ஷேர்லயே இல்லை. ரீட் இருந்தாலே காப்பி எடுக்கலாமே.

எல்லாம் முடிச்சுட்டு பையனையே கூப்பிட்டு, அக்கா லேப்டாப்ல இருந்து ஒரு ஃபோட்டோவை டெலீட் பண்ணச் சொன்னேன். பெர்மிஷன் இல்லைன்னு வந்தது. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு, “மாமா, உங்க கம்ப்யூட்டர் ரிப்பேர்”னு சொல்லிட்டுப் போயிட்டான்.