பழைய அச்சுப்பொறியும் புதிய கேபிளும்

உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் புதிய ‘கேட் 6’ கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் 1990களின் லேசர் அச்சுப்பொறி ஒன்று. இன்னமும் நன்றாகவே அச்சடிக்கிறது. “பழசு, புதிய கேபிளோடு ஒத்துவராது” என்று யாரோ சொல்லிவிட, அது குப்பைக்குப் போகக் காத்திருக்கிறது. தூக்கிப் போடுமுன் அதன் பின்புறத்தைப் பாருங்கள்.

எட்டு மெல்லிய உலோக ஊசிகள் கொண்ட சதுரத் துளை இருந்தால் கவலை வேண்டாம். 1990இல் தரப்படுத்தப்பட்ட ‘10பேஸ்-டி’ ஈதர்நெட்டின் துளைதான் அது. இன்றைய செருகியும் அதே வடிவம்தான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள். பழைய கருவி 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளை மட்டுமே பயன்படுத்தும். ஒரு கிகாபிட் வேகக் கருவிக்கு எட்டும் தேவை. புதிய கேபிள் பழையதைவிடத் தரமானது. அகலமான சாலையில் சைக்கிள் ஓடாதா என்ன?

சிக்கல் வருவதென்றால், கேபிளின் மறுமுனையில் இருக்கும் சுவிட்சில்தான். இன்றைய சுவிட்ச், தன்னால் முடிந்த வேகங்களை மின்துடிப்புக் கொத்துகளாக அனுப்பி அறிவிக்கும். பழைய அச்சுப்பொறிக்கு அந்த மொழி புரியாது. ஏறத்தாழ 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒற்றைத் துடிப்பு அனுப்பி, ‘நான் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும். அதைக் கேட்ட சுவிட்ச் 10 மெகாபிட்டுக்கு இறங்கி வரும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் முறைக்கும் மாறும். யாராவது அந்தச் சுவிட்சை ‘இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம்’ என்று கையால் மாற்றி வைத்திருந்தால் வந்தது வினை. விளக்கு எரியும், அச்சு மட்டும் நத்தையாய் ஊரும். பாவம், பழி கேபிள்மேல் விழும்! அமைப்பைத் தானியங்கி நிலைக்கு மாற்றினால் போதும். சில அதிவேகத் துளைகளுக்கு 10 மெகாபிட் தெரியவே தெரியாது. இடையில் சாதாரணச் சுவிட்ச் ஒன்றை வையுங்கள்.

பின்புறத்தில் வட்டமான உலோக முனை மட்டும் இருந்தால் கதை வேறு. அது ‘10பேஸ்2’. கொடியில் துணி காயப்போட்டதுபோல எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கும். அதன் நீளம் 185 மீட்டர் வரை போகலாம். இரு முனைகளிலும் 50 ஓம் மின்தடை கட்டாயம். ஒன்றைக் கழற்றினாலும் சமிக்ஞை மோதித் திரும்பி, மொத்த வலையமைப்பும் படுத்துவிடும். இங்கே செருகியை மாற்றினால் மட்டும் பயனில்லை. இருவகைத் துளையும் கொண்ட பழைய ‘ஹப்’ ஒன்று நடுவிலிருந்து சமிக்ஞையை மாற்றித் தர வேண்டும். மின்தடை வாங்கும்போது கவனம்: தொலைக்காட்சித் துறையினர் பயன்படுத்தும் 75 ஓம் வகையும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்.