ஒரு "எஸ்" படுத்தும் பாடு!

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைத் திணற அடிப்பது எது தெரியுமா? "எஸ்" என்ற ஒற்றை எழுத்துதான்!

"பாய்" என்றால் ஒரு பையன். "பாய்ஸ்" என்றால் பல பையன்கள். "எஸ்" வந்தால் பன்மை. இதில் தகராறு இல்லை.

வினைச்சொல்லிலோ கதை தலைகீழ்! ஒரு பையன் ஓடினால், "தி பாய் ரன்ஸ்". பலர் ஓடினால், "தி பாய்ஸ் ரன்". இங்கே "எஸ்" வந்தால் ஒருமை!

இது ஏன்?

இரண்டு "எஸ்"களும் வெவ்வேறு. ஒன்று பெயரின் விகுதி. மற்றது வினையின் விகுதி.

பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பல விகுதிகள் இருந்தன. அவை நாளடைவில் தேய்ந்து போயின. நிகழ்காலத்தில் மிஞ்சியது இந்த "எஸ்" மட்டுமே. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில், "ஹாஸ்" என்பது "ஹாத்" என்றுதான் இருக்கிறது.

நமக்குப் புதிதல்ல

போனான், போனாள், போனார், போனார்கள், போனது, போயின. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் "வென்ட்" ஒன்றுதான்!

யார் போனார் என்பதற்கு ஏற்ப வினையை மாற்றுவது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ஆகவே பயம் வேண்டாம்.

எதிரே நிற்பவர் ஒருவரே ஆனாலும் "யூ ஆர்" என்கிறார்களே, ஏன்? முற்காலத்தில் ஒருவரைத் "தௌ" என்றும், பலரை "யூ" என்றும் அழைத்தார்கள். பிறகு மரியாதைக்காக ஒருவரையே "யூ" என்றார்கள். நாம் "நீங்கள்" என்கிறோமே, அது போல!

கூடையா, பழமா?

"மாம்பழக் கூடை கனக்கிறது" என்கிறோம். கனப்பது கூடை. ஆங்கிலத்திலும் "தி பாஸ்கெட் ஆப் மேங்கோஸ் இஸ் ஹெவி" என்பதே சரி. பக்கத்தில் "மேங்கோஸ்" நிற்கிறதே என்று "ஆர்" போட்டால் தவறு.

"நியூஸ்" பன்மை போலத் தோன்றும், ஆனால் ஒருமை. "போலீஸ்" ஒருமை போலத் தோன்றும், ஆனால் பன்மை!

நாடே மாறியது

அமெரிக்காவின் பெயர் "யுனைடெட் ஸ்டேட்ஸ்". அது ஒரு நாடா, பல ராஜ்யங்களின் கூட்டமா? 1787-ல் எழுதிய அரசியல் சட்டம் அதை "அவை" என்று பன்மையில் குறிக்கிறது.

அடிமை முறையை விட மனமில்லாத தென் ராஜ்யங்கள் பிரிந்து போக முயன்றன. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டனர். 1865-ல் பிரிவினை தோற்றது. அடிமை முறையும் ஒழிந்தது. ஆனால் அதை ஒழித்த சட்டத் திருத்தத்திலும் நாடு பன்மையிலேயே இருந்தது!

பிறகு சிறுகச் சிறுக "ஆர்" மறைந்து "இஸ்" நிலைத்தது. பல ராஜ்யங்கள் ஒரு நாடு என்ற எண்ணம் இலக்கணத்திலும் ஏறிவிட்டது.

தாய்மார்களுக்கு

ஆங்கிலம் தெரியாத தாயும் பிள்ளைக்கு உதவலாம். அவன் ஒரு வாக்கியம் எழுதியதும், "இதில் வேலை செய்வது யார்? ஒருவரா, பலரா?" என்று கேளுங்கள்.

பதிலைச் சொல்லும்போதே பிள்ளைக்குத் தன் தவறு தெரிந்துவிடும்!