அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்

முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் இருந்தவன் நான். ஹெல்ப்பராகக் கம்பம் ஏறத் தொடங்கி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். மகளுக்கு வைட்ஃபீல்டில் வேலை கிடைத்து, வீடு பார்க்கப் பெங்களூரு போனபோதும் அப்படித்தான்.

“ஏரியா சேஃப்தான்ப்பா. கேமரா இருக்கு, செக்யூரிட்டி இருக்கு” என்றாள். புரோக்கரும் அதையே சொன்னார். திருடனுக்குப் பயந்து வீடு தேடுகிறோம், அது சரிதான். ஆனால் எனக்கு அதே வைட்ஃபீல்டில் இருக்கும் ஹோப் ஃபார்ம் சிக்னல் நினைவுக்கு வந்தது.

2023 நவம்பர் 19. தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம், இருட்டுப் பிரியாத நேரத்தில் அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தது. நடைபாதையில் மின்கம்பி அறுந்து கிடந்தது. 23 வயதுத் தாயும் அவர் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். காப்பாற்றப் போன கணவருக்குத் தீக்காயம். பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் ஊழியர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பி அறுந்தால் சப்ளை தானாக நின்றுவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். எப்போதும் நிற்காது. ஈர மண்ணில் விழுந்தால் மின்சாரம் குபுகுபுவென்று பூமிக்குள் இறங்கும், சப்ஸ்டேஷனில் பிரேக்கர் ட்ரிப் ஆகும். காய்ந்த கான்கிரீட்டிலோ தாரிலோ விழுந்தால் இறங்கும் மின்சாரம் குறைவு. பிரேக்கருக்கு உத்தரவு கொடுக்கும் சப்ஸ்டேஷன் ரிலேக்கு அது யாரோ வீட்டில் மோட்டார் ஓடுவது போலத்தான் தெரியும். கம்பி உயிரோடு கிடக்கும்.

அதனால் மகளிடம் ஒன்றுதான் சொன்னேன். நீ எங்கே இறங்கி, எந்த நேரத்தில், எந்த வழியாக வீட்டுக்கு நடப்பாயோ, அந்த வழியை அதே நேரத்தில் நாம் நடந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

முதல் வீடு அழகானது. புது பெயின்ட், மாடியில் நல்ல காற்று. காடுகோடி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. 2023 மார்ச்சில் அங்கே ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து ‘மெட்ரோ பக்கம்’ என்று சொன்னால் வாடகை ஏறிவிடுகிறது. ஆனால் ஸ்டேஷனுக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

இரவு ஒன்பதரைக்கு நடந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் இரண்டு பக்கமும் காலி மனை, தகர வேலி. ஒரு ஜன்னல் இல்லை, ஒரு கடை இல்லை. நான்கு தெருவிளக்கில் இரண்டு எரியவில்லை. நடைபாதையின் மேலேயே டிரான்ஸ்ஃபார்மர். அதன் பில்லர் பாக்ஸுக்குக் கதவு இல்லை, ஃபியூஸ் கேரியர் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் போக ரோட்டில்தான் இறங்க வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு நான் மட்டும் மறுபடி போனேன். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், புங்கமரக் கிளையில் இலை நுனிகள் கருகியிருந்தன. கிளை கம்பியில் உரசுகிறது என்று அர்த்தம். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் நடுவே முட்டை வடிவில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. இதையெல்லாம் பார்க்க ஃபோர்மேனாக இருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். நம்ம ஊர் ஆள் என்றதும் மனசு திறந்து பேசினார்.

“மழையில எப்படிங்க இருக்கும்?” என்று கேட்டேன்.

“2022 செப்டம்பர்ல இந்த கேட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுங்க ஐயா. கீழ நின்ன வண்டியெல்லாம் முழுகிப்போச்சு. மூணு நாள் கரண்ட் இல்ல.”

உடனே திரும்பிப் போய் அந்த வீட்டின் மீட்டர் போர்டைப் பார்த்தேன். பேஸ்மென்ட்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது.

அதே செப்டம்பர் 5-ஆம் தேதி இரவு, வைட்ஃபீல்டை ஒட்டிய சித்தாபுராவில் தண்ணீர் நின்ற ரோட்டில் ஸ்கூட்டரோடு தடுமாறிய 23 வயதுப் பெண், விழாமலிருக்க மின்கம்பத்தைப் பிடித்தார். ஷாக் அடித்து இறந்துபோனார். பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கு வழியும் பூமி அது. ராஜகால்வாய்கள் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் குறுகிய இடங்களில் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது. ஆகவே அங்கே வீடு பார்ப்பவர்கள், “2022-ல் தண்ணீர் எதுவரை வந்தது?” என்று புரோக்கரைக் கேட்க வேண்டாம். இஸ்திரிக்காரரையும் பால் போடுகிறவரையும் வாட்ச்மேனையும் கேளுங்கள்.

டெல்லியில் 2013-ல் ‘சேஃப்டிபின்’ என்ற செயலியைத் தொடங்கியவர்கள் ஒரு தெருவை ஒன்பது விஷயங்களால் அளக்கிறார்கள். வெளிச்சம், நடைபாதை, உங்களைப் பார்க்கக்கூடிய ஜன்னல்களும் கடைகளும், பஸ் வசதி, தெருவில் பெண்களும் நடக்கிறார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல அளவுகோல். அதோடு மின்கம்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இரண்டாவது வீடு பழையது, வாடகை மாதம் நான்காயிரம் அதிகம். ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை பேக்கரி, மருந்துக்கடை, டிபன் கடை. பத்தரை மணிக்கும் பெண்கள் நடந்து போனார்கள். மீட்டர் போர்டு தலை உயரத்தில் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும் இல்லை. வீட்டுக்குள் மின்கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், இரண்டே நாளில் மாட்டிக் கொடுத்தார். அந்த வீட்டையே எடுத்தோம்.

ஒரு வேண்டுகோள். ரோட்டில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள், குச்சியால் தள்ளாதீர்கள். மிக அருகில் போய்விட்டிருந்தால், இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துச் சின்னச் சின்னதாக நகர்ந்து பத்து மீட்டராவது விலகுங்கள். பின்னால் வருகிறவர்களை நிறுத்துங்கள். பெஸ்காமுக்கு 1912, அவசர உதவிக்கு 112. பெங்களூருக்குக் குடிபோகும் பிள்ளைகளின் போனில் இந்த இரண்டு எண்களையும் இன்றே பதிந்து கொடுங்கள்.