கரிசல் காட்டு வருமானமும் வாரத் தவணையும்

கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களில் பெண்களுக்கு அடமானமில்லாமல் கடன் கிடைக்கும் குழுக்கள் இரண்டு வகை. பணம் யாருடையது, விதியை யார் எழுதுகிறார்கள் என்பதில் இரண்டும் வேறு வேறு.

சுய உதவிக் குழு

12 முதல் 20 பெண்கள் சேர்ந்து முதலில் சேமிக்கிறார்கள். அதிலிருந்தே உள்கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு முதலில், என்ன வட்டி என்று கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். வட்டியும் குழுவுக்கே சேரும். வங்கிக் கடன் பிறகுதான். தமிழகத்தில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய முறை இது. 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது.

நுண்கடன் நிறுவனக் குழு

வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் தொடங்கிய முயற்சி இதற்கு முன்னோடி. பணமும் விதியும் நிறுவனத்துடையவை. ஒருத்தி வாரத் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். பல ஊர்களில் தொகை நிறையும்வரை வசூல் கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து போக முடியாது.

சிக்கல் எங்கே?

கோவில்பட்டிக் கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைக்கிற உளுந்தும் மக்காச்சோளமும் தை, மாசியில்தான் காசாகும். தவணையோ விதைத்த மறுவாரமே வந்து நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் தீப்பெட்டி ஆலைக் கூலிதான் கைகொடுக்கிறது. மழை பொய்த்து, ஆலையிலும் வேலை குறைந்தால், இன்னொரு நிறுவனத்தில் வாங்கி இதை அடைக்க வேண்டியதுதான். கேட்டு வருவது கூடப் பழகிய பெண்களே என்பதால், கடன்பட்டவள் விசேஷ வீட்டுக்குப் போகவும் கூசுகிறாள். குழுவாகச் சேர்த்துக் கொடுத்த கடன் அவளை ஊரிலிருந்து விலக்கிவிடுகிறது.

விதி என்ன சொல்கிறது?

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு அடமானமின்றித் தருவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. உறவினரைத் தொந்தரவு செய்யவும் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

விதிகள் வசூலிப்பவரைக் கட்டுப்படுத்தும், மழையைக் கொண்டுவராது. கரிசல் பெண்களுக்குத் தேவை, அறுவடைக்குப் பிறகு கட்டும் தவணை. தவணைத் தேதியைத் தாங்களே பேசி முடிவுசெய்யும் உரிமை சுய உதவிக் குழுவில் இருக்கிறது. அந்தக் குழுக்களுக்கு வங்கிகள் உரிய காலத்தில் கடன் கொடுத்தால், வாரத் தவணைக்குப் போகும் தேவையே குறைந்துவிடும்.