தலைகீழாகத் தொங்கும் மனிதன்

டாரட் சீட்டுக்கட்டின் பன்னிரண்டாம் எண் சீட்டில் ஒரு மனிதன் தலைகீழாகத் தொங்குகிறான். இன்று உலகெங்கும் பரவலாகப் புழங்கும் கட்டில், 'டி' எழுத்தைப் போன்ற ஒரு மரத்தில் அவனுடைய வலது கால் கட்டப்பட்டிருக்கிறது. இடது கால் மடங்கி வலது காலுக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. முகத்தில் வேதனையின் சுவடே இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. பலன் பார்ப்பவர்கள் இந்தச் சீட்டுக்குக் காத்திருத்தல், பிடிவாதத்தை விடுதல், தியாகம், ஒன்றை வேறு கோணத்தில் காணுதல் என்றெல்லாம் பொருள் சொல்வார்கள். தொங்கவிடப்பட்ட ஒருவனுக்கு இத்தனை மேன்மையான பொருள் எப்படி வந்தது? இந்தச் சீட்டின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகும். அந்தப் பொருள் ஆதியிலிருந்தே படத்துக்குள் ஒளிந்திருந்ததல்ல, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அதில் ஏற்றியது. ஏற்றப்பட்டது என்பதாலேயே அது பொய்யாகிவிடுவதும் இல்லை.

டாரட் பிறந்தது சூதாட்ட மேசைக்கும் அரண்மனைக் கூடத்துக்கும் இடையில். 1440களில் பிளாரன்ஸ், பெராரா ஆகிய இத்தாலிய நகரங்களின் பதிவுகளில் இது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. வழக்கமான சீட்டுகளைப் போல நான்கு இனங்களாகப் பிரிந்த 56 சீட்டுகளோடு 22 படச் சீட்டுகளைச் சேர்த்து மொத்தம் 78 ஆக்கினார்கள். அந்தப் படச் சீட்டுகளின் வேலை மற்ற சீட்டுகளை வெட்டுவது. நம் ஊர்ச் சீட்டாட்டத்தில் துருப்பு செய்யும் வேலைதான் அது. இத்தாலியர்கள் அவற்றை 'ட்ரியோன்ஃபி', அதாவது வெற்றிகள் என்று அழைத்தார்கள். துருப்பைக் குறிக்கும் 'ட்ரம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். சீட்டைக் கொண்டு எதிர்காலம் சொல்லும் வழக்கம் ஓர் இயக்கமாக உருவெடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக டாரட் முதன்மையாக ஓர் ஆட்டமாகவே இருந்தது என்பதை மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1980இல் வெளியிட்ட விரிவான நூலில் நிறுவினார். பிரான்ஸில் அந்த ஆட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குத் தொங்கும் மனிதன் ஒரு புதிராகவே இருந்திருக்க முடியாது. ஏனென்றால் அவனை அவர்கள் தெருச் சுவர்களில் பார்த்திருந்தார்கள். இத்தாலிய நகர அரசுகளிடம் 'அவமான ஓவியம்' என்று ஒரு தண்டனை இருந்தது. கைக்குச் சிக்காமல் தப்பிய துரோகியையும் கடனைக் கட்டாத மோசடிக்காரனையும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவது போலப் பொதுச் சுவரில் வரைந்துவிடுவார்கள். உடல் அகப்படாவிட்டால் மானத்தையாவது தூக்கிலிடு என்பது அதன் தர்க்கம். ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் 1440இல் பிளாரன்ஸில் இப்படி நகர அரசின் எதிரிகளை வரைந்து, 'தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்திரேயா' என்ற பட்டப்பெயரையே வாங்கிக்கொண்டார். 1412இல் முட்ஸியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்ட்ஸா என்ற படைத்தலைவர் தம்மை அமர்த்தியவரை விட்டு எதிரணிக்குப் போனபோது, அவர் ஒரு காலில் தொங்கும் படம் ரோம் நகரில் பொது இடங்களில் வரையப்பட்டது. அவருடைய மகன் பிரான்செஸ்கோ பின்னாளில் மிலான் நகரின் கோமகன் ஆனார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் ஒன்று அந்தக் குடும்பத்துக்காகத் தங்க முலாமிட்டுத் தீட்டப்பட்டது. அதிலும் தொங்கும் மனிதன் இருக்கிறான். அந்தச் சீட்டின் பொருளை அவ்வீட்டில் யாருக்கும் யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அதே நூற்றாண்டின் வேறொரு கட்டில் அவன் இரு கைகளிலும் பணப்பை பிடித்திருக்கிறான். காசுக்காக ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நினைவு அதில் எழுகிறது. ஆக, முதற்பொருள் துரோகம்.

அந்தச் சுவர் ஓவியங்கள் அழிந்தன, தண்டனையும் வழக்கொழிந்தது. சீட்டு மட்டும் ஆல்ப்ஸ் மலை தாண்டிப் பயணம் செய்தது. பிரான்ஸில் 1781இல் கூர் தெ ஜெபலான் என்ற பாதிரியார், டாரட் என்பது பண்டைய எகிப்திய ஞானிகள் சீட்டுகளில் மறைத்துவைத்த நூல் என்று எழுதினார். கட்டில் நீதி, வலிமை, நிதானம் ஆகிய மூன்று நற்பண்புகளுக்கும் சீட்டு இருக்கிறதே, விவேகத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டார். பன்னிரண்டாம் சீட்டைத் திருப்பிப் பிடித்து, ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என யோசித்து நிற்கும் விவேகிதான் இவன், அச்சிட்டவர்கள் தவறுதலாகத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று அவரே விடையும் சொன்னார். அவர் எழுதியபோது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. ஷாம்போலியான் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் பூட்டைத் திறந்தது 1822இல்தான். அதன் பிறகும் டாரட்டின் எகிப்திய மூலத்துக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. ஆனால் பொருளின் போக்கு மாறிவிட்டது. 1909இல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்த கட்டு வெளிவந்தது. தொடக்கத்தில் விவரித்த கட்டு இதுதான். தூக்குமரம் இலைவிட்ட உயிர்மரமாயிற்று. தலையில் ஒளிவட்டம் ஏறியது. துரோகி துறவியானான்.

அப்படியானால் இன்றைய பொருள் வெறும் பிழைதானே என்று ஒருவர் கேட்கலாம். தமிழில் 'நாற்றம்' என்ற சொல் முன்பு நறுமணத்தைக் குறித்தது, இன்று துர்நாற்றத்தைக் குறிக்கிறது. இன்றைய பொருளில் அதை ஆளுபவரை யாரும் பிழை செய்தவராகச் சொல்வதில்லை. சொல்லின் பொருள் அதன் புழக்கத்தில் இருப்பது போலவே சின்னத்தின் பொருளும் புழக்கத்தில்தான் இருக்கிறது. எகிப்திய மூலம் என்பது வரலாறு பற்றிய கூற்று, ஆகவே அது பொய்யென நிரூபணமாக முடியும். 'இந்தப் படம் எனக்குக் காத்திருப்பதை நினைவூட்டுகிறது' என்பது அத்தகைய கூற்றே அல்ல. எனில் எந்தப் படத்துக்கும் எந்தப் பொருளையும் ஏற்றிவிடலாமா? அதுவும் முடியாது. மிலான் கோமகனின் சீட்டிலேயே அந்த மனிதனின் முகம் அமைதியாகத்தான் இருக்கிறது. கட்டுண்ட உடல், திறந்த கண்கள், தலைகீழ்ப் பார்வை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் செயலிழந்தும் விழித்திருக்கும் நிலைதான் மனதில் எழுகிறது. துரோகம் என்ற பழைய பொருள் உதிர்ந்த பின் படத்தில் எஞ்சியிருந்த இடத்தில்தான் புதிய பொருள் குடியேறியது.

நம்புகிறவர்களின் மறுப்பு வேறு. 'எனக்கு அந்தச் சீட்டு வந்தது, அப்படியே பொருந்தியதே' என்பார்கள். 78 சீட்டிலிருந்து மூன்றை எடுத்தால், அவற்றுள் தொங்கும் மனிதன் இருக்கும் வாய்ப்பு 26இல் ஒன்று. கேட்பவர் கவலையில் இருந்தாலும் களிப்பில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பொருந்துவதாகத் தோன்றுவது ஏன் என்பதற்கு 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் வகுப்பில் செய்த சோதனை விடை தருகிறது. மாணவர்கள் 39 பேருக்கும், அவரவர் ஆளுமையைப் பற்றியது என்று சொல்லி, ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதன் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எதற்காகவும் காத்திருக்காத மனிதர் யார்? எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிராத வாழ்வு எது? தொங்கும் மனிதன் எல்லோருக்கும் பொருந்துவான். ஆகவே நோய்க்கும் வழக்குக்கும் பணத்துக்கும் தீர்ப்பு கேட்டு இந்தச் சீட்டிடம் போவது தவறு. அது அறியாததை நமக்குச் சொல்ல அதற்கு வழியில்லை.

ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்காக அதைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. பழமொழியும் எல்லோருக்கும் பொருந்துவதுதான். அதைத் தன் நிலைமையோடு இணைத்துப் பார்க்கும் வேலையைக் கேட்பவரே செய்கிறார், பயன் அந்த வேலையில் விளைகிறது. தொங்கும் மனிதனைப் பார்த்து 'நான் எங்கே கட்டுண்டு கிடக்கிறேன், இந்த நிலையிலிருந்து மட்டுமே தெரிவது எது' என்று ஒருவர் தம்மைக் கேட்டுக்கொண்டால், அந்தக் கேள்வி உண்மையானது. விடை சீட்டிலிருந்து வராது, அவரிடமிருந்தே வரும். பாதிரியார் ஜெபலான் சீட்டைத் திருப்பிப் பிடித்தபோது அவர் கண்டதும் உண்மையிலேயே அழகான ஒரு சிந்தனைதான், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று நின்று யோசிக்கும் மனிதன். அது தம்முடைய சிந்தனை என்று ஒப்புக்கொள்ளாமல் எகிப்தியர் தலையில் கட்டியதுதான் அவர் செய்த பிழை. இன்றும் நாம் அந்தச் சீட்டை எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்திருப்பது நம் கை என்பதை மறக்காதவரை.